கோப்பையும் கூலியும்: ஃபிரெட் கீனரின் கால்பந்து வாழ்க்கை

கார்டிஃப் நகரக் கால்பந்து மைதானத்தின் வெளியே 2012 நவம்பரில் ஒரு சிலை திறக்கப்பட்டது. கையில் எஃப்.ஏ. கோப்பையுடன் நிற்கும் அந்த மனிதர் ஃபிரெட் கீனர். 1927 ஏப்ரல் 23 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் கார்டிஃப் சிட்டி அணியின் தலைவராக அவர் அந்தக் கோப்பையை வாங்கினார். அந்தப் போட்டியின் நீண்ட வரலாற்றில் இங்கிலாந்துக்கு வெளியே உள்ள ஓர் அணி கோப்பையை வென்றது அந்த ஒரே முறைதான். வேல்ஸ் நாட்டுக் கால்பந்தின் பெருமை என்று யாரைக் கேட்டாலும் இந்த நாளைத்தான் முதலில் சொல்வார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல், அதே கீனர் நீரிழிவு முற்றி மருத்துவமனையில் கிடந்தார். அவர் குடும்பத்துக்கு உதவ நிதி திரட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்கே கோப்பை வாங்கித் தந்தவர், கால் நூற்றாண்டு ஆடிய பிறகு கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் வழக்கமாக விதியை நொந்துகொள்வார்கள். விதியைக் காட்டிலும் விளக்கம் தரக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. கீனரின் வாழ்க்கையை ஒரு வீரனின் கதையாகப் படிக்காமல், ஒரு தொழிலாளியின் பணிப்பதிவேடாகப் படித்தால் அவை தெரியும். அவர் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், என்ன கூலி, யார் முதலாளி, எந்த விதி அவரைக் கட்டியது, அவர் வேலை பார்த்த ஊரின் பொருளாதாரம் எந்தத் திசையில் போனது என்பவையே கேள்விகள். இவற்றுக்கு விடை தேடும்போது வெம்ப்ளி வெற்றி எப்படி நேர்ந்தது என்பதோடு, அது ஏன் தொடரவில்லை என்பதும் புலப்படும்.

நிலக்கரி வளர்த்த ஊர்

1801 கணக்கெடுப்பின்போது கார்டிஃப் 1,870 பேர் வாழ்ந்த சிற்றூர். 1911இல் அங்கே 1 லட்சத்து 82 ஆயிரம் பேர் இருந்தார்கள். இந்த வளர்ச்சிக்கு ஒரே காரணம் நிலக்கரி. ரோண்டா, மெர்த்தர், அபர்டேர் பள்ளத்தாக்குகளில் வெட்டிய கரி ரயிலில் இறங்கிவந்து, பியூட் பிரபுக் குடும்பம் கட்டிய துறைமுகத்தில் கப்பல் ஏறியது. 1913இல் கார்டிஃப் துறைமுகம் வழியாக மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் கரி வெளியேறியது. கரி தேடிக் கப்பல்கள் வந்தன. கப்பலோடு மனிதர்களும் வந்தார்கள். ஐரிஷ்காரர்கள், மேற்கு இங்கிலாந்துக் கூலிகள், நார்வே மாலுமிகள், யேமன், சோமாலிக் கப்பல் தொழிலாளர்கள் என்று பல நாட்டார் குடியேறிய ஊர் அது.

தென் வேல்ஸில் மக்கள் மனத்தை ஆண்ட விளையாட்டு ரக்பி. வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876இல் தொடங்கப்பட்டதும் வடக்கே ரெக்ஸமில்தான். தெற்கில் கால்பந்து காலூன்றக் குடியேறிகளின் கூட்டம் பெரிதும் உதவியது. 1899இல் பார்ட்லி வில்சன் என்ற கல்லச்சுக் கலைஞர் தொடங்கிய ரிவர்சைடு என்ற சிறு சங்கம் 1908இல் கார்டிஃப் சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1910இல் தொழில்முறை அணியாகிச் சொந்த மைதானமும் அமைத்துக்கொண்டது. அந்த இடம் பழைய குப்பைமேடு. மேலே வந்துகொண்டே இருந்த கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் பொறுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டியிருந்தது. வாடகைக்கு உத்தரவாதம் கொடுத்தவர் பியூட் குடும்பத்தைச் சேர்ந்த நினியன் கிரைட்டன்-ஸ்டூவர்ட் பிரபு. அதனால் மைதானத்துக்கு நினியன் பார்க் என்று பெயர். துறைமுகத்தைக் கட்டிய குடும்பத்தின் பெயரே கால்பந்து மைதானத்துக்கும் அமைந்தது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் இரண்டையும் வாழவைத்தது ஒரே கரிதான்.

கீனர் இந்த ஊரில் 1894 ஜூலை 31 அன்று பிறந்தார். கட்டட வேலை செய்தவரின் மகன். பிள்ளைகள் நிறைந்த வீடு. பள்ளி நாட்களிலேயே வேல்ஸ் மாணவர் அணிக்கு ஆடினார். 1911இல் கார்டிஃப் சிட்டியில் சேர்ந்து, 1912இல் வாரம் 10 ஷில்லிங்குக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். முதன்மை அணியில் முதல் ஆட்டம் 1913 டிசம்பரில். அப்போது சிட்டி இங்கிலாந்து லீக்கில்கூட இல்லை. தெற்கு லீக் என்ற போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பையனுக்கு அணியில் நிரந்தர இடமும் இல்லை. அவர் காலூன்றும் முன்பே போர் வந்துவிட்டது.

கால்பந்துப் பட்டாளம்

1914 ஆகஸ்டில் போர் மூண்ட பிறகும் தொழில்முறைக் கால்பந்து நிற்கவில்லை. இளைஞர்கள் போர்முனையில் சாகும்போது உடல் திடமான ஆட்டக்காரர்கள் கூலிக்குப் பந்து உதைப்பதா என்று பத்திரிகைகளும் பிரமுகர்களும் ஏசினார்கள். அந்த ஏச்சுக்கு விடையாக 1914 டிசம்பரில் லண்டன் ஃபுல்ஹம் நகர மண்டபத்தில் ஒரு படைப்பிரிவு அமைக்கப்பட்டது. மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17ஆம் பட்டாலியன் என்பது அதன் அலுவல்பூர்வப் பெயர். எல்லோரும் அழைத்தது கால்பந்துப் பட்டாளம் என்று. இங்கிலாந்து அணியில் ஆடியிருந்த ஃபிராங்க் பக்லி அதில் அதிகாரி. பிரிட்டனின் தொடக்ககாலக் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒருவரான வால்டர் டல்லும் அதில் இருந்தார். 1915 பிப்ரவரியில் கீனர் சேர்ந்தார்.

1916 கோடையில் அந்தப் பட்டாலியன் பிரான்சின் சோம் போர்முனையில் இறக்கப்பட்டது. டெல்வில் காட்டிலும் கியமாங் ஊரிலும் அது பட்ட இழப்பு பெரிது. கீனருக்கும் காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. காலையே எடுக்க நேரிடும் என்று அஞ்சும் அளவுக்குக் காயம். கால் தப்பியது, பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு உடற்பயிற்சி ஆசிரியராகப் படையிலேயே தங்கினார். நினியன் பிரபுவோ 1915 அக்டோபரில் லூஸ் போரிலேயே இறந்துவிட்டார்.

காலை மூலதனமாகக் கொண்ட தொழிலில் இருப்பவருக்கு இந்தக் காயம் என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவருக்கு 24 வயது. கால்பந்து மறுபடி தொடங்கும்வரை எரிவாயு ஆலையிலும் பால் ஊற்றும் வேலையிலும் காலம் தள்ளினார். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் நல்ல ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கால்பந்தைப் பற்றி எழுதுபவர்கள் மறக்கக்கூடாத செய்தி இது: 1920களில் ஆடிய பலர் ஏற்கெனவே ஒரு போரை உடலில் சுமந்தவர்கள்.

எட்டுப் பவுண்டு

1920இல் இங்கிலாந்து லீக் தன் கதவை விரித்தது. கார்டிஃப் சிட்டி நேராக இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய மூன்றாம் பிரிவில் சுவான்சி, நியூபோர்ட், மெர்த்தர் அணிகள் இடம்பிடித்தன. அடுத்த ஆண்டு அபர்டேரும் ரெக்ஸமும் வந்தன. கரிக்கு நல்ல விலை கிடைத்த போருக்குப் பிந்தைய சில மாதங்களின் நம்பிக்கைதான் இத்தனை வேல்ஸ் அணிகளை லீக்குக்கு அனுப்பியது.

அந்த லீக்கில் ஆட்டக்காரரின் நிலை என்ன? கூலிக்கு உச்சவரம்பு இருந்தது. 1920இல் வாரம் 9 பவுண்டு வரை உயர்ந்த அந்த வரம்பு, 1922இல் ஆட்டப் பருவத்தில் 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு என்று இறக்கப்பட்டது. வென்றால் 2 பவுண்டும் சமன் செய்தால் 1 பவுண்டும் கூடுதல். திறன் பெற்ற ஆலைத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இரு மடங்கு. குறைந்த வருமானம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இது உச்சம். உலகின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்குமேல் ஒரு பென்னிகூட லீக் விதிப்படி வாங்க முடியாது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தாலும் அந்தத் தொகை அசையாது.

இன்னொரு கட்டு இதைவிட இறுக்கமானது. ஆட்டக்காரரின் பதிவு அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்த பிறகும், அணி விட மறுத்தால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. இதை எதிர்த்து ஹெர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கு 1912இல் தோற்றது. அதன்பின் இந்த முறை மேலும் உறுதிப்பட்டது. அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை விற்று வாங்கும் விலைக்கோ வரம்பில்லை. 1928இல் போல்டன் அணியிடமிருந்து டேவிட் ஜாக்கை ஆர்சனல் 10,890 பவுண்டுக்கு வாங்கியபோது, அந்தப் பெருந்தொகை அணியிலிருந்து அணிக்குப் போனது. ஜாக்கின் வாரக் கூலி விதிப்படி அதே 8 பவுண்டைத் தாண்ட முடியாது.

இதை எதிர்க்க 1907இலேயே மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் முன்னணியில் நின்றவர் வேல்ஸின் பில்லி மெரடித். சர்க் ஊர்ச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஆட வந்தவர். கீனர் வேல்ஸ் அணிக்குள் நுழைந்த 1920இல்தான் மெரடித், 45 வயதில், இங்கிலாந்தை வென்ற ஆட்டத்தோடு சர்வதேசக் களத்திலிருந்து விடைபெற்றார். ஆட்டத்தின் தொடர்ச்சி கை மாறியது. சங்கம் கேட்ட உரிமைகள் மட்டும் கிடைக்கவில்லை. ஊதிய உச்சவரம்பு நீங்க 1961 வரை ஆனது.

கோல் சராசரியில் நழுவிய பட்டம்

லீக்கில் சிட்டியின் முதல் நான்கு ஆண்டுகள் வியப்பூட்டுபவை. முதல் பருவத்திலேயே பர்மிங்ஹமுக்கு இணையாக 58 புள்ளிகள் எடுத்து, கோல் சராசரியில் மட்டும் பின்தங்கி இரண்டாமிடம் பெற்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அதே பருவத்தில் கோப்பைப் போட்டியில் அரையிறுதி வரை போனது. முதல் பிரிவில் முதல் ஆண்டே நான்காமிடம். மேலாளர் ஃபிரெட் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஆட்களைத் தேடிப் பிடித்தார். அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் கீனர், பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஆடும் ஹாஃப்-பேக் வரிசையில் நிலைத்தார்.

அவரது ஆட்டத்தில் அழகு தேடி யாரும் வரவில்லை. எதிரியின் காலடியிலிருந்து பந்தைப் பறிப்பது, தலையால் வெட்டித் தள்ளுவது, சக ஆட்டக்காரர்களை உரத்த குரலில் விரட்டுவது, கடைசி நிமிடம் வரை ஓடுவது ஆகியவைதாம் அவருடைய கைச்சரக்கு. பயிற்சியில் கனத்த பழைய படைவீரர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார் என்று சொல்வார்கள். புகைப்பழக்கம் உள்ளவர். மோதலுக்கு அஞ்சாதவர். தொழில்நுணுக்கத்தில் தன்னைவிடச் சிறந்தவர்கள் அணியில் இருப்பதை அவர் அறிந்திருந்தார். தன்னால் கூடுதலாகத் தரக்கூடியது உழைப்பு என்பதையும் அறிந்திருந்தார்.

1923–24 பருவத்தின் கடைசி நாள், 1924 மே 3. பட்டியலில் சிட்டி முதலிடம். ஹட்டர்ஸ்ஃபீல்ட் டவுன் ஒரு புள்ளி பின்னால். பர்மிங்ஹமில் சிட்டி வென்றால் சாம்பியன். கோலில்லாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தபோது சிட்டிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அணியின் தலைசிறந்த கோலடிப்பவர் லென் டேவிஸ் உதைத்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். ஆட்டம் 0–0. அங்கே ஹட்டர்ஸ்ஃபீல்ட் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டை 3–0 என வென்றது. இருவருக்கும் 57 புள்ளிகள்.

அக்கால விதிப்படி அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். ஹட்டர்ஸ்ஃபீல்ட் 60 அடித்து 33 வாங்கியது, சராசரி 1.818. சிட்டி 61 அடித்து 34 வாங்கியது, சராசரி 1.794. வித்தியாசம் 0.024. இன்றைய முறைப்படி கோல் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் இரு அணிக்கும் 27. அடுத்து, அதிக கோல் அடித்தது யார் என்று பார்த்தால் சிட்டியே சாம்பியன். வேல்ஸ் அணி எதுவும் இங்கிலாந்து லீக் பட்டத்துக்கு இவ்வளவு அருகில் வந்தது அதற்குமுன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஹட்டர்ஸ்ஃபீல்டை அன்று வழிநடத்தியவர் ஹெர்பர்ட் சாப்மன். இந்தக் கதையில் அவர் மீண்டும் வருவார்.

பட்டம் நழுவியதற்குப் பெனால்டி மட்டும் காரணமா? அணியின் ஆட்டக்காரர்கள் பலர் வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாட்டு அணிகளுக்கும் ஆடியவர்கள். நாட்டு அணிகளின் ஆட்டங்கள் பலவும் சனிக்கிழமைகளில் நடந்ததால், முக்கியமானவர்கள் இல்லாமலே சிட்டி லீக் ஆட்டங்களில் இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் 1924 பிப்ரவரி 16 அன்று நினியன் பார்க்கில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மோதின. வேல்ஸ் தலைவர் கீனர். ஸ்காட்லாந்துத் தலைவர் ஜிம்மி பிளேர். இருவரும் கார்டிஃப் சிட்டி ஆட்டக்காரர்கள்! ஒரே அணியின் இருவர் தத்தம் நாட்டுக்குத் தலைமை தாங்கி எதிரெதிரே நின்ற காட்சி அந்த அணியின் உயரத்தைக் காட்டியது. அந்த உயரத்துக்குக் கொடுத்த விலையையும் காட்டியது. ஆட்டத்தை வேல்ஸ் 2–0 என வென்றது. அந்த ஆண்டு இங்கிலாந்தையும் அயர்லாந்தையும்கூட வென்று, இந்த நான்கு நாடுகளும் ஆண்டுதோறும் மோதிய தொடரின் பட்டத்தை முழுமையாகக் கைப்பற்றியது.

வெம்ப்ளி

1925இல் சிட்டி முதன்முறை கோப்பை இறுதியாட்டத்துக்குப் போனது. தற்காப்பில் ஒரு கணத் தடுமாற்றம். ஷெஃபீல்ட் யுனைட்டெடின் ஃபிரெட் டன்ஸ்டல் பந்தைப் பறித்து கோலடித்தார். 1–0 எனத் தோல்வி.

அந்தக் கோடையில் ஆட்டத்தின் அடிப்படை விதியே மாறியது. ஆஃப்சைடு ஆகாமலிருக்கப் பந்து வரும் நேரத்தில் எதிரணியினர் மூவர் முன்னே இருக்க வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றானது. முதல் பிரிவில் முந்தைய பருவத்தில் விழுந்த மொத்தக் கோல்கள் 1,192. புதிய விதியின் முதல் பருவத்தில் 1,703. தாக்குதல் ஆட்டக்காரர்களுக்குத் திறந்த இந்த வெளியை எப்படி அடைப்பது என்பதே ஒவ்வோர் அணியின் தலைவலி. அதே ஆண்டு ஆர்சனலுக்கு மாறிய சாப்மன், நடுவில் ஆடும் ஹாஃப்-பேக்கைத் தற்காப்பு வரிசைக்குள் இழுத்து இதற்கு விடை கண்டார். தடுப்பதையே தொழிலாகக் கொண்ட கீனர் போன்றவர்களின் மதிப்பு இந்த மாற்றத்தால் கூடியது. கோலடிக்கும் வலுவுக்காகச் சிட்டி ஸ்காட்லாந்தின் மதர்வெல் அணியிடமிருந்து ஹியூயி ஃபெர்குசனை 5,000 பவுண்டுக்கு வாங்கியது.

1926–27இல் லீக்கில் சிட்டி சுமாராகவே ஆடியது. கோப்பைப் போட்டியில் கதை வேறு. ஆஸ்டன் வில்லா, டார்லிங்டன், போல்டன் அணிகளை வென்றபின் செல்சியோடு ஒரு சமன். மறு ஆட்டத்தில் 3–2. அந்த மறு ஆட்டத்தில் செல்சி பெனால்டி உதைக்க வந்தபோது கோல்கீப்பர் டாம் ஃபார்குவார்சன் கோல்கோட்டிலிருந்து முன்னே பாய்ந்து தடுத்தார். உதைக்கும்வரை கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று 1929இல் விதி வந்ததற்கு அவருடைய இந்தப் பழக்கமும் காரணம் என்பார்கள். அரையிறுதியில் ரெடிங் 3–0 என வீழ்ந்தது. இறுதியில் எதிரே நின்றது சாப்மனின் ஆர்சனல்.

சிட்டியின் பதினொருவரைப் பாருங்கள். கோலில் டப்ளின் பகுதியிலிருந்து வந்த ஃபார்குவார்சன். பின்வரிசையில் ஸ்காட்லாந்தின் ஜிம்மி நெல்சன், வட அயர்லாந்தின் டாம் வாட்சன். ஹாஃப்-பேக் வரிசையில் கீனர், வட அயர்லாந்தின் டாம் ஸ்லோன், இங்கிலாந்தின் பில்லி ஹார்டி. முன்வரிசையில் எர்னி கர்ட்டிஸ், சாம் இர்விங், ஃபெர்குசன், லென் டேவிஸ், ஜார்ஜ் மக்லாக்லன். இவர்களில் வேல்ஸ்காரர்கள் மூவர்தான்: கீனர், 19 வயது கர்ட்டிஸ், டேவிஸ். அயர்லாந்துத் தீவினர் நால்வர், ஸ்காட்லாந்தினர் மூவர், இங்கிலாந்துக்காரர் ஒருவர். வேல்ஸின் மாபெரும் வெற்றி என்று கொண்டாடப்படுவதைப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களே ஈட்டினார்கள். குடியேறிகள் கட்டிய ஊரின் அணி வேறெப்படி இருக்க முடியும்? எதிரணியின் கோலைக் காத்தவர்தான் ரோண்டா பள்ளத்தாக்கின் மைர்டி ஊரைச் சேர்ந்த டான் லூயிஸ்.

அன்று மைதானத்தில் 91,206 பேர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் துதிப்பாடல் பாடும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது. இறுதியாட்டம் பி.பி.சி. வானொலியில் நேரடியாக ஒலித்ததும் அதுவே முதல் முறை. பந்து எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் அறிய, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்த படம் வானொலி இதழில் அச்சாகியிருந்தது. கார்டிஃபில் மக்கள் ஒலிபெருக்கிகளின் முன் திரண்டு கேட்டார்கள்.

74ஆம் நிமிடம். மக்லாக்லனிடமிருந்து பந்தைப் பெற்ற ஃபெர்குசன் கோலை நோக்கி உதைத்தார். பெரிய உதை என்று சொல்ல முடியாது. லூயிஸ் தரையில் விழுந்து பந்தை அணைத்தார். அது அவர் கைக்கடியில் நழுவியது. பாய்ந்து வரும் எதிரிகளைக் கண்டு திரும்பிப் பிடிக்க முயன்றபோது அவர் முழங்கையே அதைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டது. 1–0. மீதி நேரம் முழுக்க ஆர்சனலின் தாக்குதலைக் கீனரும் ஸ்லோனும் ஹார்டியும் தடுத்து நின்றார்கள். புதிய ஜெர்சியின் வழவழப்பில் பந்து நழுவியது என்று பின்னர் கதை பிறந்தது. கோப்பை இறுதிக்குமுன் கோல்கீப்பரின் ஜெர்சியை ஆர்சனல் துவைத்துவிடும் என்பது அந்தக் கதையின் வால். மனம் நொந்த லூயிஸ் தன் பதக்கத்தை வீசியெறிந்தார் என்றும் அதே நாட்டுச் சகா பாப் ஜான் அதை எடுத்துவந்தார் என்றும் சொல்வார்கள்.

இந்த வெற்றியின் காலப் பின்னணியைக் கவனிக்க வேண்டும். 1926 மேயில் தொடங்கிய சுரங்கக் கதவடைப்பு அந்த ஆண்டு முடியும் தறுவாயில்தான் நின்றது. கூலிக் குறைப்பையும் கூடுதல் வேலைநேரத்தையும் ஏற்றுத் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கோப்பை வந்த நாளில் கார்டிஃப் தெருக்கள் நிரம்பி வழிந்ததை அந்தத் தோல்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே ஆண்டு சிட்டி வேல்ஸ் கோப்பையையும், கொரிந்தியன்ஸ் அணியை 2–1 என வென்று சாரிட்டி ஷீல்டையும் எடுத்துக்கொண்டது.

நாட்டுக்காக 32 முறை

கீனர் வேல்ஸுக்கு 1920 முதல் 1932 வரை 32 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றே எதிரிகள். வேல்ஸ் முதன்முதலாகப் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஆடியது 1933இல் பாரிசில். பிரிட்டன் சங்கங்கள் 1928இல் உலகக் கால்பந்துச் சங்கத்திலிருந்து விலகியதால் 1930களின் மூன்று உலகக்கோப்பைகளிலும் அவற்றுக்கு இடமில்லை. இந்தச் சின்ன வட்டத்துக்குள் வேல்ஸ் பெரிதாகவே விளங்கியது. இரு போர்களுக்கு நடுவே 1920, 1924, 1928, 1933, 1934, 1937 என ஆறு முறை நாடுகளின் பட்டம் அதற்குக் கிடைத்தது.

ஆனால் வேல்ஸ் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து அணிகளின் ஊழியர்கள். 1930இல் அந்த அணிகள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்களை விட மறுத்தன. அக்டோபர் 25 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்தைச் சந்திக்க வேல்ஸ் சங்கம் ஆள் பொறுக்க வேண்டியதாயிற்று. சிறு அணிகளிலிருந்தும் அமெச்சூர் அணியிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோருக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம். 36 வயதுக் கீனர் தலைவர். ‘கீனரும் முகம் தெரியாத பத்துப் பேரும்’ என்று பத்திரிகைகள் கிண்டலாகப் பெயர் வைத்தன. ரெக்ஸமின் டாமி பாம்ஃபர்ட் தொடக்கத்திலேயே கோலடிக்க, ஸ்காட்லாந்து தவித்துத்தான் சமன் செய்ய முடிந்தது. 1–1.

அவரது தலைமை எத்தகையது என்பதற்கு வெம்ப்ளியைக் காட்டிலும் இந்த ஆட்டமே நல்ல சான்று என்பது என் கருத்து. வெம்ப்ளியில் எதிரியின் கை நழுவியது. கிளாஸ்கோவில் யாருடைய தவறும் உதவவில்லை. ஒருவரையொருவர் அறியாத பதினொருவர், தங்கள் முதலாளிகளே கைவிட்ட ஒரு நாட்டுக்காக, வலுவான அணியை அதன் சொந்த மண்ணில் நிறுத்திவைத்தார்கள்.

கரியும் அணியும் சரிந்த காலம்

கோப்பை வென்ற இரண்டாம் ஆண்டு, 1928–29இல், சிட்டி முதல் பிரிவில் கடைசி இடத்துக்கு விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தில் முதல் பிரிவிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி அதுதான்: 59. தற்காப்பு கலையவில்லை; அடிக்கத்தான் ஆளில்லை. அடித்தது வெறும் 43. 1931இல் இரண்டாம் பிரிவிலும் கடைசியாகி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 1934இல் அங்கும் கடைசி. லீக்கில் நீடிக்க மற்ற அணிகளின் வாக்கைக் கேட்டு நிற்க வேண்டிய நிலை. ஏழு ஆண்டுகளில் உச்சியிலிருந்து அடிமட்டம்.

ஆட்டக்காரர்களின் வயதும் நிர்வாகத்தின் முடிவுகளும் இதற்குக் காரணமென்பது உண்மை. ஆனால் பக்கத்து அணிகளையும் பார்க்க வேண்டும். அபர்டேர் 1927இல், அதாவது கார்டிஃப் கோப்பை வென்ற அதே ஆண்டில், லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. மெர்த்தர் 1930இல் போனது. நியூபோர்ட் 1931இல் வெளியேறி, ஓராண்டு கழித்தே திரும்பியது. ஒரே வட்டாரத்தில் இத்தனை அணிகள் ஒரே காலத்தில் சாய்வதற்கு ஒவ்வோர் அணியின் மேலாளரையும் தனித்தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, வெளிநாட்டுச் சந்தை போயிற்று, சுரங்கங்கள் மூடப்பட்டன. 1932இல் வேல்ஸில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. இரு போர்களுக்கு நடுவே ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை ஒரு ஷில்லிங் கொடுத்து மைதானத்துக்குள் நுழைந்த கூட்டம் அவர்கள்தான். டிக்கெட் காசில் வாழும் அணி, வாசலில் காசு குறைந்தால் நல்ல ஆட்டக்காரரை வாங்க முடியாது, இருப்பவரையும் விற்கும்.

வெம்ப்ளியில் கோலடித்த ஃபெர்குசன் 1929இல் டண்டீ அணிக்குப் போனார். காயமும் கோல் வறட்சியும் சேர்ந்து அழுத்த, 1930 ஜனவரியில், 34 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார்.

கீனர் 1931இல், 500 ஆட்டங்களுக்கு மேல் ஆடியபின், சிட்டியைவிட்டு ரயில் பட்டறை ஊரான குரூ நகரின் அலெக்சாண்ட்ரா அணிக்குப் போனார். மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டே 38 வயதுவரை வேல்ஸுக்கும் ஆடினார். 1934க்குப் பிறகு ஆஸ்வெஸ்ட்ரி, டன்பிரிட்ஜ் வெல்ஸ் என லீக்குக்கு வெளியே உள்ள அணிகள். நாற்பதைத் தாண்டியும் அவர் ஆடியதை ஆர்வம் என்று புகழலாம். அதில் ஆர்வம் இருந்திருக்கும். ஆனால் பிள்ளைகள் பலர் உள்ள வீட்டுக்கு வாரக் கூலி வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓய்வூதியம் கிடையாது. வேறு தொழிலும் தெரியாது. 1937இல் நீரிழிவு அந்தக் கூலியையும் நிறுத்தியது. பிறகு கெண்ட் பகுதியில் கோழிப்பண்ணை; 1958இல் சொந்த ஊர் திரும்பி நகராட்சிக் கட்டடப் பிரிவில் சரக்கறைப் பணி. 1972 அக்டோபர் 19 அன்று காலமானார்.

பணிப்பதிவேடு சொல்வது

கீனரின் பெயர் வேல்ஸ் தேசப் பெருமையோடு ஒட்டிக்கொண்டதில் தவறில்லை. தன் நகரத்திலேயே பிறந்து, அதன் அணிக்கு இருபது ஆண்டு உழைத்தவர் அந்தப் பெருமைக்கு உரியவர். ஆனால் அந்தப் பெருமையை எழுப்பிய செங்கற்கள் எவை என்று பார்த்தால் மூன்று தெரிகின்றன. ஒன்று, வெளியிலிருந்து ஆட்களை வாங்கும் பணத்தைக் கொடுத்த நிலக்கரிச் செழிப்பு. இரண்டு, அப்படி வந்தவர்களின் உழைப்பு. மூன்று, அந்த உழைப்பைக் குறைந்த விலைக்குப் பூட்டிவைத்த ஊதிய விதிகள். முதலாவது 1920களின் இறுதியில் வற்றியது. அதோடு இரண்டாவதும் சிதறியது. மூன்றாவது மட்டும் எந்த நெருக்கடிக்கும் அசையாமல் நின்றது.

1927இல் கோப்பை கார்டிஃபுக்கு வந்தபோது அதைச் சாத்தியமாக்கிய பொருளாதாரம் ஏற்கெனவே உடைந்திருந்தது. அந்த வெற்றியை ஒரு பொற்காலத்தின் தொடக்கம் என்று கொண்டாடியவர்கள், அது அக்காலத்தின் கடைசி விளைச்சல் என்பதை அறியவில்லை. அந்த விளைச்சலில் கீனருக்குக் கிடைத்த பங்கு ஒரு பதக்கமும், விதி அனுமதித்த கூலியும். ஊதிய உச்சவரம்பு நீக்கப்பட்ட 1961இல் அவருக்கு 66 வயது. பெருமையை நாடு எடுத்துக்கொண்டது. வருமானத்தை அணி எடுத்துக்கொண்டது. தேய்ந்த உடல் மட்டும் அவரோடு போனது. இரு போர்களுக்கு நடுவே ஆடிய நூற்றுக்கணக்கான தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கும் இதுவே. அவர்களில் பலருக்கு நிதி திரட்டக்கூட யாரும் முன்வரவில்லை.